கடலோர வீட்டுக்கு எந்தப் பசை, எந்தக் கட்டு? சிப்பி, கயிறு, ஓலை வேலைகளுக்கான பொருள் மதிப்பீடு

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். சிப்பி பதிக்க வெள்ளை சிமெண்ட். சிமெண்ட் பிடிக்காத பலகை, கண்ணாடி போன்ற இடங்களில் இரண்டு குழாயையும் கலந்து ஒட்டும் எபாக்ஸிப் பசை. தொங்கும் தோரணத்துக்கு வலைக்கடையில் கிடைக்கும் முறுக்கிய நைலான் நூல். பனை ஓலைக்குப் பசையே தேவையில்லை. யூடியூபில் எல்லாரும் கையில் பிடித்திருக்கும், பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் குளூ கன்னுக்கு இந்த வரிசையில் கடைசி இடம்தான்.

இந்த மதிப்பீடு ராமேசுவரம் தீவு, மண்டபம், பெரியபட்டினம், கீழக்கரை, ஏர்வாடி, சாயல்குடி, வடக்கே தேவிபட்டினம், தொண்டி என்று கடல் காற்று நேராக வீட்டுக்குள் வரும் ஊர்களுக்கானது. மதுரையிலோ கோவையிலோ செய்தால் பல வருடம் இருக்கும் அதே பொருள் இங்கே ஒரு மழைக்காலத்தைத் தாண்டாமல் உதிர்வதற்குக் காரணம் செய்தவரின் கை அல்ல. காற்றில் வரும் உப்புத் துகள் எல்லாப் பரப்பிலும் படிகிறது. உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும். பகலில் வெயில் அந்த ஈரத்தை விரட்டும், இரவில் அது திரும்ப ஏறும். பசைக்கும் பரப்புக்கும் நடுவே இந்த ஏற்ற இறக்கம் தினமும் நடக்கிறது. ஆடி மாதக் காற்றும் ஐப்பசி, கார்த்திகை மழையும் சேர்ந்தால் பலவீனமான ஒட்டு தானாக விட்டுவிடும். 1914இல் திறந்த பழைய பாம்பன் ரயில் பாலம் துருவோடு போராடியே காலம் தள்ளியது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகளைப் போட்டிருக்கிறார்கள். வீட்டில் அடிக்கும் ஆணிக்கும் அதே கணக்குதான்.

எந்தப் பசையை வாங்கினாலும், சிப்பியில் இருக்கும் உப்பை எடுக்காமல் ஒட்டினால் காசு வீண். கடற்கரையில் பொறுக்கிய சிப்பியைக் கழுவித் துடைத்தால் சுத்தமாகத் தெரியும். ஆனால் அதன் நுண்துளைகளிலும் உட்சுருளிலும் உப்பு இருக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நாள் ஊற வைத்து, காலை மாலை தண்ணீரை மாற்றுங்கள். மூன்றாம் நாள் ஒரு சிப்பியை நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் கரிக்கக் கூடாது. கரித்தால் இன்னும் ஒரு நாள். இதைப் பிளீச்சிங் போடுவதற்கு முன்னால்தான் செய்ய வேண்டும், பிறகு நாக்கில் வைக்கவே கூடாது. போர் தண்ணீர் உவராக உள்ள வீடுகளில் கடைசி அலசலுக்காவது குடிதண்ணீர் ஒரு குடம் ஒதுக்குங்கள்.

நாற்றமும் பாசியும் இருந்தால், திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் நான்கு பங்கு சேர்த்து அரை மணி நேரம் போதும். பளபளப்பான சோழியைப் பிளீச்சில் போடாதீர்கள், மெருகு மங்கும். வினிகரோ எலுமிச்சையோ பாத்ரூம் ஆசிட்டோ எந்தச் சிப்பிக்கும் ஆகாது. சிப்பி ஏறத்தாழ முழுவதும் கால்சியம் கார்பனேட். அமிலம் பட்டால் நுரைத்துக் கரையும், ஓரங்கள் சுண்ணாம்பாய் உதிரும். பிளீச்சோடு வினிகரோ ஆசிட்டோ கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். சன்னல் திறந்திருந்தாலும் ஆபத்துதான். கழுவியதை நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். சங்கு மாதிரிச் சுருள் உள்ளவற்றை வாய் கீழாகக் கவிழ்த்துக் காய வைத்தால்தான் உள்ளே தேங்கிய நீர் வடியும். மெருகுக்கு எண்ணெய் தடவுவதாக இருந்தால் ஒட்டி முடித்த பிறகு தடவ வேண்டும். எண்ணெய் பட்ட சிப்பியை எந்தப் பசையும் பிடிக்காது. தேங்காய் எண்ணெய் நாளடைவில் காறி வாடை வரும். பேபி ஆயில் போன்ற கனிம எண்ணெயே நல்லது.

எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்பதும் இங்கே முக்கியம். மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்கா 1986இல் அறிவிக்கப்பட்டது. அதன் 21 தீவுகளில் இறங்கிச் சிப்பி பொறுக்கும் எண்ணமே வேண்டாம். பவளத் துண்டு, கடல் விசிறி, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்துக் கரை ஒதுங்கிய பவளத் துண்டானாலும் சுவரில் மாட்டக் கூடாது. பெரிய சங்கு வகைகளிலும் சில இந்தச் சட்டத்துக்குள் வருகின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் சொல்லும் வேலைகள் எல்லாமே சாதாரணச் சிறு மட்டிச் சிப்பிக்கானவை. சமையலுக்கு வாங்கிய மட்டியின் ஓடே போதும். காசும் இல்லை, கடலுக்கும் நட்டமில்லை. கரையில் எடுத்தால் உள்ளே துறவி நண்டு இருக்கிறதா என்று ஒரு நிமிடம் தரையில் வைத்துப் பாருங்கள். நகர்ந்தால் அது அதன் வீடு.

இனிப் பொருள்கள். வெள்ளை சிமெண்டிலிருந்து தொடங்கலாம். இந்தக் கடற்கரைக்கு இதைவிட மலிவான, நம்பகமான சிப்பிப் பிடிமானம் கிடையாது. ஈரம் பட்டால் பல ஒட்டுகள் தளரும், சிமெண்டோ இறுகும். சிப்பியின் குழிக்குள் புகுந்து கவ்விக்கொள்ளும். வெயிலில் நிறம் மாறாது. ஒரு கிலோ பொட்டலத்தில் ஒரு பூந்தொட்டி முடிந்து, மீதமும் இருக்கும்.

கணக்கு இது. 20 செ.மீ. உயரம், வாயில் 22, அடியில் 14 செ.மீ. அகலம் உள்ள சுட்ட மண்தொட்டியின் வெளிப்பரப்பு சுமார் 1,150 சதுர செ.மீ. இரண்டரை செ.மீ. சிப்பி ஒன்று ஏறத்தாழ 5 சதுர செ.மீ. இடத்தை அடைக்கும். ஆக 230 சிப்பி வேண்டும், இடுக்கு நிரப்பச் சின்னதாக ஒரு கைப்பிடி கூடுதலாக. சிமெண்டும் சலித்த ஆற்று மணலும் சம அளவு, அளவைக் கிண்ணத்தால். கலவை சப்பாத்தி மாவைவிடச் சற்று இளக்கமாக இருக்க வேண்டும். சிப்பியை அமுக்கினால் வழுக்கி இறங்கக் கூடாது. ஒரே நேரத்தில் முழுதும் கலக்காமல், அரை மணி நேரத்துக்குள் தீருகிற அளவு மட்டும் கலக்குங்கள். இறுக ஆரம்பித்ததைத் தண்ணீர் விட்டு இளக்கிப் பயன்படுத்தினால் காய்ந்த பின் பொடியாக உதிரும்.

வாசலில் மணல் குவிந்து கிடக்கும்போது ஆற்று மணலுக்கு ஏன் அலைய வேண்டும் என்று தோன்றும். கடல் மணலைப் போட்டால் அதிலுள்ள உப்பு வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும், பூசிய அடுக்கே செதிலாகக் கழன்று விழும். பெரும்பாலான தொட்டிகள் கெடுவது இந்த ஒரு காரணத்தால்தான். ஆற்று மணல் கிடைக்காவிட்டால் சலித்த எம்-சாண்ட் போடலாம்.

தொட்டியை ஒரு மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, பரப்பு ஈரமாக இருக்கும்போதே 8 மி.மீ. கனத்தில் கலவையைப் பூசுங்கள். காய்ந்த தொட்டி கலவையின் நீரை உறிஞ்சிவிடும், பிடிப்பு விழாது. சிப்பிகளையும் ஒரு முறை தண்ணீரில் தோய்த்து எடுங்கள். ஒரு கை அகலப் பட்டையாகப் பூசி, அதை நிரப்பி, பிறகு அடுத்த பட்டை. கீழிருந்து மேலே போங்கள். கீழ் வரிசை மேல் வரிசையைத் தாங்கும். சிப்பியின் கனத்தில் மூன்றில் ஒரு பங்காவது கலவைக்குள் புதைய வேண்டும். ஒரு மணி நேரம் கழித்து, ஈரப் பஞ்சால் சிப்பி மேல் படிந்த சிமெண்டைத் துடைத்துவிடுங்கள். மறந்து மறுநாள் பார்த்தால் வெண்படலம் இறுகியிருக்கும். அதை எடுக்க டைல்ஸ் கழுவும் ஆசிட் ஊற்றினால் படலத்தோடு சிப்பியும் போகும். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் ஏழு நாள், குறைந்தது மூன்று நாள், தண்ணீர் தெளித்து வாருங்கள். நேர் வெயிலில் காய வைத்தால் மயிரிழை விரிசல் விடும். கையுறை கட்டாயம், ஈரச் சிமெண்ட் தோலை அரிக்கும். பெயிண்ட் அடித்த தொட்டி, பிளாஸ்டிக் தொட்டி, பிளைவுட் மூன்றிலும் இந்த வேலை நிற்காது.

அங்கேதான் எபாக்ஸி வருகிறது. ஹார்டுவேர் கடையில் அரால்டைட் என்று கேட்டாலே இரண்டு குழாயாகக் கொடுப்பார்கள். ஐந்து நிமிடத்தில் இறுகுவது, மெதுவாக இறுகுவது என்று இரண்டு வகை உண்டு. அலங்கார வேலைக்கு மெதுவானதைத்தான் வாங்க வேண்டும். ஐந்து நிமிடச் சரக்கில் இருபது சிப்பி வைப்பதற்குள் கலவை கட்டியாகிவிடும், நம்மூர் வெயிலில் இன்னும் சீக்கிரம். மெதுவான வகை சாவகாசமாக நகர்த்தித் திருத்த நேரம் தரும், பிடிப்பும் கூடுதல்.

சிப்பிச் சட்டமிட்ட வட்டக் கண்ணாடிக்கு அளவு: 20 செ.மீ. கண்ணாடி, 30 செ.மீ. வட்டப் பலகை. சுற்றிலும் 5 செ.மீ. வளையம், அதன் பரப்பு சுமார் 393 சதுர செ.மீ. முதல் அடுக்குக்கு 80 சிப்பி. ஒவ்வொன்றுக்கும் பச்சைப் பயறு அளவில் இரண்டு மூன்று சொட்டு என்றால், இந்த அடுக்குக்கு 10 முதல் 15 மி.லி. எபாக்ஸி. பலகைக்கு அட்டைப்பெட்டியை வெட்டச் சொல்லும் வீடியோக்களை நம்ப வேண்டாம். இங்கே மழைக்காலத்தில் அட்டை ஊறித் தொங்கிவிடும். மர நாரை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகை ஓரத்தில் உப்பிப் பிளக்கும். ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மெரைன் பிளைவுட் 6 மி.மீ., தச்சுப் பட்டறையில் கழிவுத் துண்டாகவே கிடைக்கும். வெட்டிய ஓரத்துக்கும் பின்புறத்துக்கும் இரண்டு கை வார்னிஷ் அடியுங்கள். முன்புறம் வளையத்தை உப்புத்தாளால் தேய்த்து விடுங்கள், அங்கே வார்னிஷ் வேண்டாம்.

இரண்டு குழாயிலிருந்தும் சம நீளத்துக்குப் பிதுக்கி, உடைந்த டைல் மேல் இரண்டு நிமிடம் முழுதாகக் குழைக்க வேண்டும். அரைகுறையாகக் குழைத்தாலும், கெட்டிப்பான் கூடினால் சீக்கிரம் காயும் என்று ஒன்றை அதிகம் விட்டாலும், நாள்கணக்கில் பிசுபிசுப்பு போகாது. மழை நாளில் எபாக்ஸி வேலை வைத்துக்கொள்ளாதீர்கள். இறுகும்போது ஈரக் காற்று பட்டால் மேலே மெழுகு மாதிரிப் பிசுக்குப் படியும், அடுத்த அடுக்குச் சிப்பி அதன் மேல் ஒட்டாது. முதல் அடுக்கு வைத்ததும் பலகையைப் படுக்க வைத்தே ஒரு இரவு விடுங்கள். மறுநாள் சின்னச் சிப்பிகளால் இடுக்கை மூடுங்கள். எபாக்ஸிக்கு ஒரே பெரிய குறை, வெயில் நேராகப் பட்டால் மஞ்சளிப்பது. திண்ணையில் மாட்டுவதானால் பசை வெளியே தெரியாதபடி மூடிவிடுவது நல்லது.

கண்ணாடியைப் பலகையில் ஒட்ட சிலிக்கான் பசை வாங்கும்போது முகர்ந்து பாருங்கள். வினிகர் வாடை அடிக்கிற வகை கண்ணாடியின் பின்பூச்சை அரித்துவிடும். சில மாதத்தில் ஓரத்திலிருந்து கறுப்பு ஏறும். 'நியூட்ரல்' என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள். விலை கொஞ்சம் கூடத்தான், ஆனால் கண்ணாடியைப் புதிதாக வாங்குவதைவிடக் குறைவு. உப்புக் காற்றும் அதே ஓரத்தைத்தான் முதலில் தின்னும். ஆகவே கண்ணாடியின் பின் ஓரத்தைச் சுற்றிப் பெயிண்டோ தெளிந்த நெயில் பாலிஷோ ஒரு கோடு இழுத்து அடைத்துவிடுங்கள். எல்லாம் சேர்ந்து எடை ஒரு கிலோவுக்குள் நிற்கும்.

எம்-சீல் போன்ற எபாக்ஸிப் பிசின் மாவு, சிப்பியின் குழிந்த பக்கம் பலகையில் பதியாமல் ஆடும்போது கைகொடுக்கும். இரண்டு கட்டியையும் சம அளவு எடுத்து, நிறக்கோடு தெரியாமல் ஒன்றாகும் வரை பிசைந்து, குழிக்குள் உருண்டையாக அடைத்து அமுக்கினால் போதும். ஒரு மணி நேரம் போலக் கெட்டியாகும், முழு வலுவுக்கு ஒரு நாள். மொத்தச் சட்டத்தையும் இதால் ஒட்டுவது வீண் செலவு.

உடனே ஒட்டும் பசை, அதாவது ஃபெவிக்விக் வகை, பெட்டிக்கடையிலும் மலிவாகக் கிடைப்பதால் எல்லாரும் முதலில் கை வைப்பது இதில்தான். சிப்பியோடு சிப்பி நுனி சேரும் இடத்துக்கு, உடைந்த சோழி இரண்டாகப் பொருந்தும் இடத்துக்கு அருமை. இடைவெளி இருந்தால் நிரப்பாது. காற்றில் உள்ள ஈரத்தால்தான் இது இறுகுகிறது. அதனால் நம் ஊரில் மிக வேகமாக இறுகும், சுற்றிலும் வெள்ளைப் புகை படிந்தாற்போல் கறையும் விடும். இறுகியபின் கண்ணாடி மாதிரி விறைப்பு. கதவு அறைந்த அதிர்வுக்கே சிப்பி தெறிக்கலாம். இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வழிந்த பசையைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்காதீர்கள். பருத்தியில் பட்டால் சட்டென்று சூடேறி விரலைச் சுடும், புகையும் வரும். பிள்ளைகள் கையில் கொடுக்கவே வேண்டாம்.

ஃபெவிகால் என்று பொதுவாக நாம் சொல்லும் வெள்ளைப் பசை மரத்துக்கும் காகிதத்துக்கும் கயிற்றுக்கும் பிறந்தது. உறிஞ்சும் பரப்பு வேண்டும். சிப்பியின் வழவழப்பான முதுகில் தோல் மாதிரி உரிந்து வரும். சாதாரண வகை ஈரத்தில் மறுபடி இளகும். அதே வரிசையில் மெரைன் என்று எழுதிய வகை தண்ணீரைத் தாங்கும், கடலோரத்துக்கு அதுவே. அதற்குச் சரியான வேலை, தேங்காய் நார்க் கயிறு சுற்றிய பாட்டில்.

கயிறு எவ்வளவு வேண்டும் என்பதில்தான் பலர் பாதியில் நிற்பார்கள். ஏழரை செ.மீ. விட்டமுள்ள பாட்டிலுக்கு ஒரு சுற்றுக்கு 23.6 செ.மீ. கயிறு 5 மி.மீ. கனம் என்றால், 20 செ.மீ. உயரத்துக்கு 40 சுற்று, ஒன்பதரை மீட்டர். கழுத்துக்கும் முனைகளுக்கும் சேர்த்து 12 மீட்டராக வாங்குங்கள். சணல் வேண்டாம். சணல் ஈரத்தில் பூஞ்சை பிடித்து வலுவிழக்கும், தென்னை நாரோ உப்புத் தண்ணீரையே தாங்கும். பாட்டிலின் லேபிளைச் சுடுதண்ணீரில் ஊற வைத்து எடுத்து, மிச்சப் பிசினுக்கு எண்ணெய் தடவித் துடைத்தால் போகும். அதன்பின் சோப்பு போட்டு அந்த எண்ணெயை முழுக்கக் கழுவாவிட்டால் பசை பிடிக்காது. கயிற்று முனையை மூன்று செ.மீ. மேல் நோக்கிப் பாட்டிலில் நெடுக்காக வைத்து, அதன் மேலேயே முதல் சுற்றுகள் ஏறட்டும். முனை தானாகப் பூட்டிக்கொள்ளும். இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பசை தடவிச் சுற்றிக்கொண்டே போங்கள். முடிவில், கடைசி ஆறு சுற்றுக்கு அடியில் மடித்த நூல் வளையம் ஒன்றை வைத்துச் சுற்றி, கயிற்று முனையை அந்த வளையத்தில் கோத்து நூலை இழுத்தால், முனை சுற்றுகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். பசை காய்ந்து பிடிப்பை விட்டாலும் இந்தப் பாட்டிலின் கயிறு அவிழாது. கழுத்துச் சரிவில் மட்டும் கயிறு நழுவும், அங்கே செருப்புத் தைப்பவர் பயன்படுத்தும் ரப்பர் பசை இரண்டு பக்கமும் தடவி, ஒட்டுப் பதம் வந்தபின் அமுக்குங்கள்.

குளூ கன் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சூட்டில் உருகும் பிளாஸ்டிக் அது, சூடு பட்டால் மறுபடி நெகிழும். தகரக் கூரைக்கு அடியிலும் மேற்குப் பார்த்த சுவரிலும் சிப்பி மெல்ல மெல்ல வழுக்கி இறங்கும். கல்யாண வீட்டு மேடை, பள்ளிக்கூடக் கண்காட்சி என்று இரண்டு நாளைக்கான வேலையென்றால் தாராளமாகப் பயன்படுத்தலாம். இரட்டைப் பக்க டேப்பும் அந்தக் கணக்குதான்.

இனி நூல். இந்த மதிப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த பொருள் இதுதான். பசை எவ்வளவு நல்லதானாலும் அதற்கு ஆயுள் உண்டு; முடிச்சு தளர்ந்தால் மறுபடி முடிச்சிடலாம். ராமேசுவரம், பாம்பன், மண்டபம் பக்கம் வலைச் சாமான் விற்கும் கடைகளில் வலை பின்னும் முறுக்கிய நைலான் நூல் கேளுங்கள், ஒரு மி.மீ. கனம். தங்கூசி நரம்பு, அதாவது தூண்டிலுக்குப் போடும் ஒற்றை இழை நைலான், கண்ணுக்குத் தெரியாது என்பதால் பலர் அதை வாங்குகிறார்கள். அதன் வழவழப்பில் சாதாரண முடிச்சு நிற்காது. கட்டாயம் அதுதான் வேண்டுமென்றால், முடிச்சில் கூடுதலாக இரண்டு சுற்று சுற்றி, எச்சில் தொட்டு ஈரமாக்கி மெதுவாக இறுக்குங்கள். உலர்வாக இழுத்தால் உராய்வுச் சூட்டில் நரம்பு அந்த இடத்திலேயே பலவீனப்படும். பருத்தி நூல் மக்கும். மலிவான பிளாஸ்டிக் கயிறு வெயிலில் பொடிப்பொடியாகும். நைலானையும் வெயில் தின்னும், ஆனால் மெதுவாக.

ஆறு சரத் தோரணத்துக்கு: 45 செ.மீ. மூங்கில் குச்சி, எட்டு செ.மீ. இடைவெளியில் ஆறு சரம், ஒவ்வொன்றும் 60 செ.மீ. நான்கு செ.மீ.க்கு ஒரு சிப்பி என்றால் சரத்துக்கு 15, மொத்தம் 90. ஒரு முடிச்சு மூன்று செ.மீ. நூலைத் தின்னும். அதையும் மேல் கட்டையும் சேர்த்தால் சரத்துக்கு ஒன்றேகால் மீட்டர், மொத்தம் ஏழரை மீட்டர். பத்து மீட்டர் வாங்கினால் பயமில்லை.

துளைக்குத் துரப்பணம் வேண்டாம். கரை ஒதுங்கும் மட்டிச் சிப்பிகளில், இரண்டு ஓடும் சேரும் பக்கத்து மேடான கொண்டைக்குப் பக்கத்தில் வட்டமாக, செதுக்கினாற்போல் ஒரு துளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சதை தின்னும் கடல் நத்தை ஒன்று துளைத்துவிட்டுப் போனது அது. அப்படிப்பட்டவற்றையே தேடி எடுத்தால் பாதி வேலை முடிந்தது. துளை இல்லாத சிப்பியைக் கொண்டைப் பக்கம் கீழாகப் பிடித்து, சொரசொரப்பான கருங்கல்லில் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். மேடு தேய்ந்து உள்குழி வெளியே திறக்கும். தண்ணீர் விடாமல் தேய்த்தால் தூள் மூக்கில் ஏறும், சிப்பியும் விரிசல் விடும். துரப்பணம் இருந்தால் 2 மி.மீ. அலகு, உள்பக்கத்திலிருந்து, அமுக்காமல். விளிம்பு ஓரத்தில் துளைத்தால் காற்றில் ஆடும்போது நூல் அறுத்துக்கொண்டே போய் விளிம்பு உடையும். கொண்டைப் பக்கம்தான் கனம் அதிகம்.

துளையின் ஓரத்தை உப்புத்தாளைச் சுருட்டி உள்ளே விட்டுத் தேய்த்து மழுக்குங்கள். தோரணம் அறுந்து விழுவது பெரும்பாலும் முடிச்சில் அல்ல, இந்தக் கூர் ஓரத்தில்தான். நூலைத் துளை வழியே விட்டு, சுற்றிக் கொண்டுவந்து இரட்டை முடிச்சு. கடைசி முனையைத் தீக்குச்சியால் இளக்கி மொட்டாக்குங்கள். வெட்டிய நூல் துண்டுகளைக் கரையில் போடாதீர்கள். நைலான் மக்காது, பறவைக் காலிலும் ஆமைக் கழுத்திலும் போய்ச் சுற்றும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நேராக அடிக்கும் வாசலில் தொங்கவிட்டால் சிப்பிகள் மோதியே நொறுங்கும். காற்று மறைவான பக்கமாகப் பாருங்கள்.

பனை ஓலைக்கு வருவோம். சாயல்குடி, கடலாடிப் பக்கம் கொட்டானும் பெட்டியும் முடைகிறவர்கள் பசையைத் தொடுவதே இல்லை. சுவருக்கான 24 செ.மீ. சதுரத் தட்டு முடைய, ஒன்றரை செ.மீ. அகலத்தில் நெடுக்கு 16, குறுக்கு 16 கீற்று. ஓரம் மடக்க இரு பக்கமும் ஐந்து செ.மீ. சேர்த்து ஒவ்வொன்றும் 34 செ.மீ. நீளம். ஈர்க்கை நீக்கி, கத்தி முதுகால் ஒரு முறை வழித்துவிட்டால் கீற்று நெளிவு எடுக்கும். அரை மணி நேரம் ஊற வைத்து, ஈரத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு முடையுங்கள். தண்ணீர் சொட்டச் சொட்ட முடைந்தால் காயும்போது கீற்று அகலத்தில் சுருங்கி, நடுவே சன்னல் சன்னலாக இடைவெளி விழும். முடைந்ததை ஒரு நாள் நிழலில் காய வைத்து, கீற்றுகளை மையத்தை நோக்கி நெருக்கிவிட்டு, அதற்குப் பிறகு ஓரத்தை மட்டும் லேசாக நனைத்து மடக்கிச் செருகுங்கள். இந்த நெருக்கும் வேலையைத் தவிர்த்தவர்கள் தட்டுதான் மாதத்தில் தொளதொளக்கும்.

நிறம் வேண்டுமென்றால் சாயப்பொடி போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் முடைவதற்கு முன்பே கீற்றை அவித்தெடுக்க வேண்டும். பெயிண்ட் மேலே செதிலாக நிற்கும். வார்னிஷும் வேண்டாம் என்பது என் கருத்து: உள்ளே சிக்கிய ஈரம் வெளியேற வழியில்லாமல் கறுப்புப் புள்ளியாகப் பூஞ்சை பிடிக்கும். வாடைக்காற்றுக் காலத்தில் சுவரிலிருந்து எடுத்து, வெயில் வரும் நாளில் அரை மணி நேரம் காட்டிவிட்டு மாட்டினால் போதும். ஓலையைக் கொண்டு விளக்கு மூடி செய்வதானால் எல்.இ.டி. பல்பு மட்டும், பல்புக்கும் ஓலைக்கும் ஒரு சாண் இடைவெளி.

மாட்டும் விதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். உப்புப் பூத்த சுவரில் ஒட்டு கொக்கி பிளாஸ்டரைப் பெயர்த்துக்கொண்டு விழும். சுவரில் துளைத்து பிளாஸ்டிக் அடைப்பு வைத்து, பித்தளை அல்லது துருப்பிடிக்காத எஃகுத் திருகு முடுக்குங்கள். கடலுக்கு மிக அருகில் 316 தரம், உள்ளே தள்ளியிருந்தால் 304 போதும். சாதாரண இரும்பு ஆணி முதலில் வெள்ளைச் சிப்பியில் துருக்கறையாக வடியும், பிறகு ஒருநாள் அறுந்துவிடும். கறையை ஆசிட் போட்டு எடுக்கவும் முடியாது.

ராமேசுவரத்துக் கோவில் வீதிக் கடைகளில் ஆயத்தமாக விற்கும் சிப்பிச் சட்டமும் தோரணமும் வாங்குவது தவறில்லை. செய்ய நேரமில்லாதவர்களுக்கு விலையும் ஞாயம்தான். வாங்கும்போது திருப்பிப் பாருங்கள். பின்பலகை அட்டையா மரமா? சிப்பி அடியில் பால் நிறத்தில் ரப்பர் மாதிரி மொத்தையாக இருந்தால் அது குளூ கன் வேலை, நகத்தால் ஓரத்தை நெம்பினால் அசையும். மெல்லக் குலுக்கினால் கலகலவென்று தனித்துக் கேட்கும் சிப்பி இருக்கிறதா? உள்ளிருந்து புளித்த நாற்றம் வந்தால் உடலைச் சரியாக எடுக்காத சங்கு, ஊருக்குக் கொண்டுபோனால் எறும்பு மொய்க்கும். அசையும் சிப்பி சில இருந்தாலும் வடிவம் பிடித்திருந்தால் வாங்கலாம். வீட்டில் அவற்றை நெம்பி எடுத்து, பழைய பசையைச் சுரண்டி, எபாக்ஸியில் மறுபடி வைத்தால் சரியாகிவிடும்.

சிமெண்ட் தொட்டியையும் தோரணத்தையும் மாதம் ஒருமுறை நல்ல தண்ணீரில் அலசினால் படிந்த உப்பு போகும். கண்ணாடிச் சட்டத்தை ஈரத்துணியால் துடைத்து உடனே உலர்ந்த துணியால் ஒற்றுங்கள். ஓலைத் தட்டுக்குத் தண்ணீர் காட்ட வேண்டாம், உலர்ந்த தூரிகையே போதும். மீந்த எபாக்ஸிக் குழாய்களின் மூடியை மாற்றிப் போட்டுவிடாமல் ஒரு மூடியில் மார்க்கரால் குறி போட்டு வையுங்கள். வெள்ளை சிமெண்ட் மீதியை இரண்டு பிளாஸ்டிக் பைக்குள் காற்றுப் புகாமல் கட்டி, மூடியுள்ள டப்பாவில் வைத்தாலும், அடுத்த மழைக்கு முன்னால் தீர்த்துவிட வேண்டும். கட்டி தட்டியதை உடைத்துச் சலித்துப் பயன்படுத்தினால் பிடிக்காது.